தாய்மாமன் வீட்டுக்கு நாற்பத்திரண்டு மைல்

புதுக்கோட்டைக்கு மேற்கே இருக்கும் பொட்டல் காட்டில் பைக் ஓட்டப் போகிறோம், ஏதாவது யோசனை சொல்லுங்கள் என்று இரண்டு மூன்று பேர் இந்த வலைப்பக்கத்தில் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த யோசனையெல்லாம் 1961ஆம் வருஷம் வைகாசி மாதத்தில் இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. ஆகவே அந்தப் பயணத்தையே எழுதிவிடுகிறேன். தூரத்தை மைலில்தான் சொல்லப்போகிறேன். கிலோமீட்டருக்கு மாற்றத் தெரியும், மாற்ற மனமில்லை. வேண்டுமென்றால் ஒன்று புள்ளி ஆறால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

போன காரணம் ஊர் சுற்றிப் பார்ப்பதல்ல. என் தங்கை கமலத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆனியில் முகூர்த்தம். சொந்தக்காரர்களுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். அப்பா இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கணவனை இழந்த பெண் தாம்பூலத் தட்டு ஏந்திக் கல்யாணத்துக்கு அழைக்கப் போவது எங்கள் பக்கத்தில் அன்றைக்கு நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம். அப்பா போனதிலிருந்து அம்மா எந்த விசேஷ வீட்டுக்கும் போனதில்லை. அண்ணன் தம்பி எனக்குக் கிடையாது, கமலத்துக்குக் கீழே செல்வி என்று இன்னொரு தங்கைதான். வீட்டில் ஆம்பளை என்று இருந்தது இருபத்தாறு வயதான நான் ஒருவன்தான்.

நான் திருச்சியில் ஒரு அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தேன். அதே அலுவலகத்தில் ஓய்வு பெற்றவரிடமிருந்து பழைய 350 சி.சி. வண்டி ஒன்றை வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு கேலன் பெட்ரோலுக்கு எழுபது மைல் கொடுக்கும், மனசு வந்தால். பஸ்ஸில் போனால் நாலு நாள் பிடிக்கும் வேலையை இந்த வண்டியில் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வரைபடத்தை விரித்து, நூலை வைத்து அளந்து, பாதை போட்டேன். திருச்சி, விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல், குடுமியான்மலைப் பக்கத்தில் மாமா ஊர், அங்கிருந்து புதுக்கோட்டை, கீரனூர் வழியாகத் திரும்பத் திருச்சி. மொத்தம் எண்பத்தொன்பது மைல். அந்தப் பாதையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அம்மா அந்த வரைபடத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு மஞ்சள் துணியில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், அதன் மேல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகை, எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

"இது ஒங்க மாமனுக்கு. மொதப் பத்திரிகை அவருக்குத்தான். அவர் வாசல மிதிக்காம வேற எங்கிட்டும் வண்டிய நிறுத்தாத. கேக்குதா?"

கேட்டது. மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன். தாய்மாமன் சீர் கொண்டுவந்து, மாலை போட்டு, பெண்ணை மணையில் உட்காரவைக்க வேண்டியவர் அவர். மாப்பிள்ளையின் அப்பா நிச்சயதார்த்தத்தின்போதே, "தாய்மாமன் வருவாருல்ல? மனஸ்தாபம் ஒண்ணும் இல்லியே?" என்று இரண்டு தடவை கேட்டிருந்தார். அப்பா இல்லாத பெண். தாய்மாமனும் வராவிட்டால் அந்த இடம் கைநழுவிப் போகும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கமலம் அந்த மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை காலை ஐந்து பத்துக்குக் கிளம்பினேன். "ஒட்டகம் இல்லாமல் பாலைவனத்துக்குப் போகிறாயா?" என்று முதல் நாள் அலுவலகத்தில் கிண்டல் செய்திருந்தார்கள். விராலிமலை வரை பதினெட்டு மைல். சாலை பரவாயில்லை. ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். நாலு இட்லி, ஒரு காப்பி, நாற்பது நயா பைசா. மயில்கள் பாறை மேல் நின்று கத்திக்கொண்டிருந்தன. அங்கிருந்து இலுப்பூர் பத்து மைல். இந்தப் பத்து மைலில்தான் நிலம் நிறம் மாறுகிறது. வயல் குறைந்து, செம்மண்ணும் சரளையும் வந்து, பிறகு முள்ளும் சப்பாத்திக் கள்ளியும் மட்டும் நிற்கும். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. கண்மாய்களில் தண்ணீர் இருந்த இடம் வெடித்துக் கிடந்தது. ஏழு மணிக்கே சாலைக்கு மேல் கானல் ஓடியது. பாலைவனம் என்று சொன்னவனைத் தப்புச் சொல்ல முடியாது.

இலுப்பூர் கடைத்தெருவில் காதரின் சைக்கிள் கடை. நானும் காதரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவனைத் தாண்டிப் போகத்தான் நினைத்திருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் செயின் தொளதொளவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது என்பது உண்மை. வண்டியை நிறுத்தினேன். அவன் செயினை இறுக்கினான், டீ வாங்கிவரச் சொன்னான், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குடித்தேன். அப்புறம் அவன் கண் என் தோள்பையில் விழுந்தது.

"என்னடா, பத்திரிகைக் கட்டு மாதிரி இருக்கு? யாருக்குக் கல்யாணம்?"

"கமலத்துக்கு."

"அடப்பாவி! சொல்லவே இல்லியே. அப்ப எனக்கு? எனக்கெல்லாம் தபால்லதானா?"

இந்த இடத்தில்தான் வரைபடக்காரன் மூளை வேலை செய்தது. மாமாவுக்கான பத்திரிகை மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு இருக்கிறது. நான் கொடுக்கப்போவது கட்டிலிருந்து ஒன்று. தட்டு இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை. காதர் உறவு இல்லை, சிநேகிதன். ஆகவே இது கணக்கில் வராது. முதல் பத்திரிகை இன்னும் முதல் பத்திரிகையாகவே இருக்கிறது. இப்படி எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஒன்றை உருவிக் கொடுத்தேன். காதர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடைச் சுவரில் ஆணியில் மாட்டினான். பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய ஒருவர் தன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எட்டே காலுக்குக் கிளம்பினேன்.

அன்னவாசல் ஏழு மைல். அங்கிருந்து மாமா ஊருக்குச் சாலை வழியாகப் போனால் இன்னும் ஏழு மைல். வரைபடத்தில் ஒரு கண்மாய்க்குக் குறுக்கே வண்டித்தடம் ஒன்று புள்ளிப் புள்ளியாகப் போட்டிருந்தது. அதில் போனால் மூன்று மைல் மிச்சம். மூன்று மைலை மிச்சம் பிடிக்காதவன் என்ன வரைபடக்காரன்?

கண்மாய்க்குள் இறங்கிக் கால் மைல் போவதற்குள் முன்சக்கரம் மணலில் புதைந்தது. இறங்கித் தள்ளினேன். பின்சக்கரமும் புதைந்தது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டதே தவிர வண்டி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சூடேறி நின்றேவிட்டது. மணி ஒன்பதே கால். சுற்றிலும் நிழல் என்று சொல்ல ஒரு கருவேல முள் மட்டும். தூரத்தில் குடுமியான்மலைக் குன்று தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்?

கண்மாய் நடுவில் இரண்டு பெண்கள் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும்போல் இருந்தது. நான் கொண்டுபோன தண்ணீர் தீர்ந்திருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர்களில் ஒருத்தியே குடத்தைச் சாய்த்தாள்.

"குடிங்க. வண்டிக்கும் வேணுமா?"

"வேணாங்க. அதுக்குத் தண்ணி ஊத்தக் கூடாது."

"நல்லதாப் போச்சு. இங்கிட்டு ஆளுக்கே பத்தல."

வண்டி ஆற ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மறுபடி கிளப்பினேன், மறுபடி புதைந்தது. பத்தரை மணிக்கு முதுகுக்குப் பின்னால் சைக்கிள் மணிச் சத்தம். காதர் கடையில் பஞ்சருக்குக் காத்திருந்த அதே ஆள், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து வந்தார்.

"என்ன தம்பி, இங்கிட்டு எறங்கிட்டீங்க? இது மாட்டு வண்டிக்கே பெப்பே காட்டுற மணலாச்சே!"

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, நல்ல மனுஷர், என்னோடு சேர்ந்து முக்கால் மணி நேரம் தள்ளினார். முள்ளை ஒடித்துச் சக்கரத்துக்கு முன்னால் போட்டுப் போட்டு ஏற்றினோம். கரை ஏறியதும் பார்த்தால் பின்சக்கரத்தில் காற்று இல்லை. முள்ளைப் போட்டு ஏற்றினால் வேறு என்ன ஆகும்? நான் பஞ்சர் ஒட்டும் சாமானை எடுத்துப் பரப்பும்போது அவர் கேட்டார்.

"எந்த வீட்டுக்குப் போறீங்க?"

சொன்னேன்.

"அட, நம்ம பெரியவரு வீட்டு மருமகப்பிள்ளையா! நீங்க மெதுவா ஒட்டிக்கிட்டு வாங்க. நான் முன்னாடி போயி சேதிய சொல்லிப்புடுறேன்."

சந்தோஷமாகத் தலையாட்டினேன். எந்தச் சேதியை என்று கேட்கத் தோன்றவில்லை.

மாமா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி பன்னிரண்டு இருபது. புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை ராகு காலம். அம்மா நாள் பார்த்து, பத்து மணிக்குள் போய்விடுவேன் என்று நம்பி அனுப்பியிருந்தார். ஒன்றரை வரை தட்டை எடுக்க முடியாது. அத்தை மோர் கொடுத்தார், கேப்பைக் கூழ் கொடுத்தார், கை கழுவத் தண்ணீர் கொடுத்தார். பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. மாமா எதிரே கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டே இருந்தார். வாசலில் அந்தச் சைக்கிள்காரரும் இன்னும் நாலு பேரும் நின்றார்கள்.

ஒன்று முப்பத்தைந்துக்குத் தட்டில் எல்லாவற்றையும் வைத்து எழுந்து நின்றேன். மாமா கையை நீட்டவில்லை.

"மாப்ள, ஒங்க வண்டி மணிக்கு எத்தன மைலு ஓடும்?"

"நாப்பது ஓடும் மாமா."

"அப்ப அந்த வேகத்துலயே இலுப்பூருக்குப் போங்க. மொதப் பத்திரிகை வாங்குனவன் அங்கதான இருக்கான்? தாய்மாமன் சீரும் அவனையே செய்யச் சொல்லுங்க."

நான் விளக்கினேன். மஞ்சள் துணி வேறு, கட்டு வேறு என்றேன். தட்டில் வைக்காதது பத்திரிகை வைத்ததாக ஆகாது என்றேன். காதர் உறவு இல்லை என்றேன். எனக்கே என் குரல் கேவலமாகக் கேட்டது.

"நல்லா இருக்கு ஒங்க ஞாயம். மொதத் தின்ன உருண்டையக் கணக்குலயே சேக்க மாட்டீக போலருக்கு. என் தங்கச்சி மக கல்யாணத்துக்கு நான் ரெண்டாவது ஆளு. ஊரே பேசுது."

ஊர் என்றது வாசலில் நின்ற அந்த ஐந்து பேரை. மாமாவுக்கு அந்த ஐந்து பேர்தான் ஊர். அவர் திரித்த கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்.

"எனக்கு முன்னாடி ஒருத்தனுக்கு வச்சாச்சு. அதுக்கும் மேல ஒரு பத்திரிகை இருக்கு. அது என் கூடப் பொறந்தவ கையால வர்றது. அவ வந்து வச்சா நான் வாரேன். இல்லைன்னா இல்ல."

அத்தை பதறிப்போனார். "என்னங்க இது! தாலி இல்லாதவளப் போயி தட்டு ஏந்தச் சொல்றீங்க? நல்ல காரியத்துக்கு அடுக்குமா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்றதச் சொல்லட்டும். ரெண்டாவது பத்திரிகைக்காரன்னு சொல்றத விட அது ஒண்ணும் மோசமில்ல."

மாமாவைச் சீர்திருத்தவாதி என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். சகுனம் பார்க்காமல் வயலுக்கு நாற்றுக்கூட எடுத்துப் போகாதவர் அவர். அவருக்கு அன்று வேண்டியிருந்தது முதல் இடம். அதை வாங்க எந்த வழக்கத்தை உடைக்கிறோம் என்று அவர் யோசித்தாரா, இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அறுபது வருஷமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிளம்பும்போது அத்தை வண்டிப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, அவரு சொன்னத அப்படியே போயி சொல்லிறாதீங்க. பத்து நாள் போனா சரியாயிடுவாரு. ஒங்கம்மா கேட்டா மனசு ஒடிஞ்சு போயிருவா."

புதுக்கோட்டைக்குப் போவதில் அர்த்தமில்லை. மாமா வாங்காமல் வேறு யாருக்கும் வைக்க முடியாது. வந்த வழியே திரும்பினேன், சாலை வழியாக. அத்தை சொன்னதை வைத்துப் பார்த்தால் சொல்லக் கூடாது. மாமா சொன்னதை வைத்துப் பார்த்தால் சொல்லாவிட்டால் கல்யாணம் நிற்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குக் கோபம் மாமா மேல் இல்லை, என் மேல்தான்.

காதரிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் முகம் செத்துப்போய்விட்டது. ஆணியிலிருந்து பத்திரிகையைக் கழற்றி நீட்டினான். "இந்தாடா. நான் வாங்கவே இல்லன்னு வச்சுக்க." கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது? ஆணியிலேயே மாட்டச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்புறம் பழைய சைக்கிள் கேரியர் ஒன்றை அறுத்து, மரக்கட்டை வைத்து, பின்சீட்டுக்கு இடது பக்கம் ஒரு மிதிகட்டை முடுக்கினான். சீட்டு மேல் ஒரு சாக்கை மடித்துக் கட்டினான்.

"எதுக்குடா இது?"

"ஒங்கம்மா சேல கட்டிக்கிட்டு எப்படிடா உக்காருவாக?"

அப்போதுதான் நான் அம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

ஐந்தே முக்காலுக்குத் திருச்சி. முதல் நாள் கணக்கு எண்பத்தொரு மைல், பெட்ரோல் நாலு ரூபாய், வைத்த பத்திரிகை ஒன்று. அதுவும் வைக்கக் கூடாத இடத்தில். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கமலம் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஒங்க மாமன் வாயாலயா சொன்னாரு?"

"அவரு வாயாலதான்."

"அத்தை இருந்தாளா?"

"இருந்தாங்க. அவங்க வேணாம்னாங்க."

"அவ வேணாம்னப்புறமும் சொன்னாரா?"

"அப்புறமும் சொன்னாரும்மா."

அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெறும் நெத்தியோட நான் எப்படிடா தட்டுத் தூக்குவேன்? நாளைக்கு கமலத்துக்கு ஒண்ணுன்னா என் கை பட்டுத்தான்னு சொல்லுவாக." போக மாட்டார் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

விடியற்காலை எழுந்து பார்த்தால் அம்மா குளித்து, வெளுத்த வெள்ளைச் சேலை கட்டி, வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் துணி கையில். வெற்றிலையைப் புதிதாக மாற்றியிருந்தார். "இன்னைக்கு ராகு காலம் ஒன்னரைக்குத்தான். கிளப்பு" என்றார்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அம்மா அதற்குமுன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்ததே கிடையாது. காதரின் மிதிகட்டையில் காலை வைத்து, ஒரு பக்கமாக உட்கார்ந்தார். என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மாட்டேன் என்று இரண்டு கையாலும் மஞ்சள் முடிச்சைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உயிரே என்னிடம் இல்லை. மணிக்கு இருபது மைலுக்கு மேல் போகவில்லை. விராலிமலையில் இட்லி வேண்டாம் என்றார், காப்பி வேண்டாம் என்றார். இலுப்பூரை நெருங்கும்போது முதுகில் ஒரு குத்து.

"இங்கிட்டு நிறுத்தின, தொலைச்சுப்புடுவேன்."

காதர் கடை வாசலில் நின்று கையைத் தூக்கினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினேன். கடை தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏண்டா, கையாவது காட்டக் கூடாதா? புள்ள நிக்கிறான்ல." நான் திரும்புவதற்குள் அவரே முடிச்சை மடியில் வைத்துவிட்டுக் கை காட்டினார்.

கண்மாய்த் தடத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் சாலையிலேயே போனேன். நாற்பத்திரண்டு மைல் முழுசாக ஓடி, ஏழு நாற்பதுக்கு மாமா வாசல். நேற்றுப் பார்த்த ஐந்து பேர் இன்று பத்துப் பதினைந்து பேராக ஆகியிருந்தார்கள். சைக்கிள்காரர் முன்னால் நின்றார். மாமா வெளியே வந்தார். துவைத்த வேட்டி, துவைத்த துண்டு. எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா உள்ளே ஏறவில்லை. வாசலிலேயே நின்று தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். தேங்காய் உருண்டது, எடுத்து மறுபடி வைத்தார். தட்டைக் கை நீளும் மட்டும் தள்ளி நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தன் முகம் பட்டுவிடக் கூடாது என்று. அப்பா இறந்த அன்று இதே மாமாதான் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவந்து அம்மாவுக்குப் போட்டார். அந்த வெள்ளைச் சேலைக்குப் பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் நின்றது அன்றைக்குத்தான்.

மாமா தட்டைத் தொடவில்லை.

"இங்கிட்டுப் பாரு."

அம்மா திரும்பவில்லை.

"பத்திரிகை வைக்கிறவ மொகத்தப் பாத்துத்தான் வாங்குவாக. சொவத்துக்கிட்டயா வாங்குவாக? திரும்பு, தாயி."

அம்மா திரும்பினார். மாமா இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். வாங்கியவர் கூட்டத்தைப் பார்த்து, "பாத்துக்கங்கப்பா. மொதப் பத்திரிகை" என்றார். சொல்ல ஆரம்பித்தபோது இருந்த மிடுக்கு முடிக்கும்போது இல்லை. எனக்கு அழுகை வந்தது. செயினைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். செயின் நன்றாகத்தான் இருந்தது.

அத்தை வந்து அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அம்மா அந்த வீட்டில் இரண்டு நாள் இருந்தார். நான் புதுக்கோட்டை போய், பதினாலு மைல், பெரியப்பா வீட்டிலும் மற்ற நாலு வீட்டிலும் பத்திரிகை வைத்தேன். கீரனூர் வழியாக முப்பத்துமூன்று மைல் ஓட்டி ஆறரைக்கு வீடு வந்தேன். கமலத்திடம் "வாங்கிட்டாரு" என்றேன். அவள் உட்கார்ந்து ஒரு தட்டு சோறு சாப்பிட்டாள்.

கல்யாணத்துக்கு மாமா முதல் நாளே சீர்வரிசையோடு வந்துவிட்டார். அம்மா வழக்கம்போல் அடுப்பங்கரையில்தான் இருந்தார். தாலி கட்டும் நேரத்தில் மாமா அடுப்பங்கரை வாசலில் போய் நின்றுகொண்டு, "வந்து பாரு, வந்து பாரு" என்று கத்தி, மேடைக்குப் பக்கத்தில் கூட்டிவந்து நிறுத்தினார். சிலர் முகம் சுளித்தார்கள். மாமா அவர்களைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காததுபோல் இருந்தார்.

போகிறவர்களுக்கு என் யோசனை. அந்தப் பக்கம் கோடையில் போவதென்றால் விடியும் முன் கிளம்புங்கள். பதினொரு மணிக்குள் எங்காவது நிழலில் சேர்ந்துவிடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றில் மொள்ளுகிறவர்களிடம் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். கண்மாய்க்குள் குறுக்கு வழி என்று உங்கள் கைபேசி காட்டினால் நம்பாதீர்கள். என் வரைபடமும் அப்படித்தான் காட்டியது. முள் கிடக்கும் தடத்தில் பஞ்சர் சாமான் இல்லாமல் இறங்காதீர்கள். குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டைப் பார்க்காமல் வராதீர்கள். நான் அந்த இரண்டு நாளும் பக்கத்திலேயே போய்ப் பார்க்காமல் வந்தவன். பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் பாதையை மைலை வைத்துப் போடாதீர்கள், முறையை வைத்துப் போடுங்கள் என்றும் எழுத நினைத்தேன். ஆனால் அதை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. காரணம் சொல்கிறேன்.

மூன்று வருஷம் கழித்துச் சின்னத் தங்கை செல்விக்குக் கல்யாணம். அதே வண்டி, அதே மஞ்சள் துணி. இந்தத் தடவை நான் வரைபடத்தை எடுக்கவே இல்லை. நேரே மாமா வீடு, நடுவில் எங்கும் நிறுத்த மாட்டேன், செயின் அறுந்தாலும் தள்ளிக்கொண்டே போவேன் என்றேன். அம்மா முடிச்சை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இலுப்பூர்ல அந்தக் காதர் கடை இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"மொதல்ல அவனுக்கு ஒண்ணு வச்சுட்டுப் போ."

நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் வண்டியின் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதருக்கு முதலில் வைத்தால் மாமா மறுபடி யார் கையால் பத்திரிகை கேட்பார் என்று எனக்குப் புரிந்தது. நான் போய்ப் பரண் மேலிருந்து அந்த மிதிகட்டையைத் தேடி எடுத்தேன்.